எல்லா யானையும் மூர்க்கமான யானையா?

கோவையில் தடாகம் பக்கமோ மருதமலை அடிவாரமோ, ஒரு யானை இறங்கி வந்தாலே போதும், விடியறதுக்குள்ள "மூர்க்கமான காட்டு யானை அட்டகாசம்" என்று வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. ஆக்ரோஷம் வேறு, மூர்க்கம் வேறுங்க. ஆக்ரோஷம் அந்த நேரத்துக்கு வருவது, சீண்டியவன் விலகினால் அடங்கிவிடும். மூர்க்கம் என்றால் அதன் குணமே அப்படி என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

இந்த வீடியோக்களைச் சத்தம் வைத்துக் கேளுங்கள். விசில், பட்டாசு, டிராக்டர் ஆரன், "முடுக்கு, முடுக்கு" என்று ஒரு கூட்டமே கத்துவது. நடுவில் குட்டி மாட்டியிருக்கும். தாய் திரும்பி, ரெண்டு காதையும் விரித்து, தலையைத் தூக்கிப் பிளிறிக்கொண்டு நாலு எட்டு ஓடி வந்து, மண்ணை உதைத்துவிட்டு நின்றுவிடும். பெரும்பாலும் அது கிட்ட வராதே என்று மிரட்டுவதுதான். காதை ஒட்ட வைத்து, தும்பிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வந்தால் அது நிஜமாகவே அடிக்க வருகிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் காதைப் பார்க்கக் கிட்டப் போகாதீர்கள், எதுவானாலும் ஒதுங்கத்தான் வேண்டும்.)

சின்னத்தம்பி என்கிற காட்டு யானையை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஜனவரியில் தடாகத்தில் பிடித்து ஆனைமலைக் காட்டில் டாப்சிலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள், கொஞ்ச நாளிலேயே இறங்கி உடுமலை, மடத்துக்குளம் பக்கம் கரும்புக்காட்டில் வந்து நின்றது. ஆளைக் கொன்ற யானை இல்லை அது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து, அப்புறம் கும்கியாக்கினார்கள். அதே வருஷம் நவம்பரில் பொள்ளாச்சி அர்த்தநாரிபாளையத்தில் பிடித்த அரிசி ராஜா ஆட்களைக் கொன்ற யானை. இந்த ரெண்டையும் ஒரே வார்த்தையில் அடைத்தால் எப்படி?

விவசாயி வலி எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ராத்திரியில் வாழை மொத்தமும் சாய்ந்து கிடந்தால் யாருக்குத்தான் மனசு ஆறும், தோட்டத்துச் சாளையில் குழந்தைகளோடு இருப்பவர்களுக்கு அந்தப் பயமும் நிஜம்தான். நஷ்ட ஈடு உடனே கிடைக்க வேண்டும், அதில் எனக்கு ரெண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் மூர்க்கம் என்று பேர் வந்துவிட்டால் உடனே பிடித்துக்கொண்டு போங்கள் என்று மனு கிளம்பிவிடுகிறது, பட்டாசு போட்டவனை ஒருத்தரும் கேட்பதில்லை.

செய்தி போடுகிறவர்களிடம் கேட்பது இதுதான். அது ஓடி வருவதற்கு முந்தி என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். குட்டி கூட இருந்ததா, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் மதநீர் வடிந்ததா, வாயில் அவுட்டுக்காய் (தீனிக்குள் ஒளித்து வைக்கும் நாட்டு வெடி) வெடித்த புண் இருந்ததா என்று வனத்துறையிடம் கேட்டுப் போடுங்கள்.