ஹெல்சிங்கிக்கு அரை நாள் போதாது

"ஹெல்சிங்கியில் பார்க்க ஒன்றுமில்லை, அரை நாள் போதும்" என்று ஃபின்லாந்தின் தலைநகரைப் பற்றி யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. நாங்கள் போன சுற்றுலாக் குழுவின் திட்டமும் அதுதான். செனட் சதுக்கத்தில் வெள்ளைத் தேவாலயத்தின் முன் ஒரு படம், இசையமைப்பாளர் சிபேலியுஸ் நினைவுச் சின்னத்தின் எஃகுக் குழாய்களுக்கு அடியில் ஒரு படம், மதியமே அக்கரையில் இருக்கும் எஸ்டோனியாவின் தலைநகர் தாலினுக்குக் கப்பல். நானும் தங்கையும் மட்டும் பிரிந்து மூன்று நாள் தங்கிவிட்டோம்.

முதலில் போனது ஒரு நூலகத்துக்கு. ஊர் சுற்ற வந்த இடத்தில் நூலகமா என்று தங்கை கேட்டாள். அதன் பெயர் ஓடி. நம் காதுக்கு ஓடுவது போலக் கேட்டாலும் ஃபின்னிஷ் மொழியில் வாழ்த்துப்பா என்று பொருள். 2018 டிசம்பரில், சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே திறந்தார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை, யார் எந்த ஊர் என்று கேட்பவரும் இல்லை. நடுத் தளத்தில் ஒரு பாட்டி தையல் மெஷினில் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம். இசைப் பயிற்சிக்கென்று தனி அறைகள். மேல் தளம் முழுக்கப் புத்தகம், நடுவே சின்ன மரங்கள், தரையில் உருளும் குழந்தைகள். வரிப் பணத்தில் இப்படி ஒன்றைக் கட்டி, அதை நாடாளுமன்றத்தின் கண்முன்னே வைத்த ஊரை அரை நாளில் எப்படிப் புரிந்துகொள்வது?

மறுநாள் சந்தைச் சதுக்கத்திலிருந்து சுவோமென்லின்னா கோட்டைத் தீவுகளுக்குப் படகு. கால் மணி நேரம்தான். டிராமுக்கு எடுத்த டிக்கெட்டே போதும். 1748-இல் ஸ்வீடன் கட்டத் தொடங்கியது. 1808-இல் கோட்டை ரஷ்யர்களிடம் சரணடைந்தது. இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ஆனாலும் சுமார் 800 பேர் அங்கே குடியிருக்கிறார்கள், கொடியில் துணி காய்கிறது. பீரங்கிகளுக்குப் பக்கத்துப் புல்மேட்டில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்து, 1889-லிருந்து நடக்கும் பழைய சந்தைக் கட்டடத்தில் சால்மன் சூப்பும் கம்பு ரொட்டியும். பாலும் உருளைக்கிழங்குமாக வயிறு நிறைந்துவிடும்.

பாறையைக் குடைந்து கட்டிய தெம்பெலியாவுகியோ தேவாலயத்தையும் பாருங்கள். சுவரைப் பூசாமல் கரடுமுரடாகவே விட்டிருக்கிறார்கள்; அதனால் பியானோ ஒலி அங்கே அப்படி நிற்கிறது.

அப்புறம் சவுனா என்ற ஃபின்னிஷ் நீராவிக் குளியல். தயவுசெய்து ஹோட்டல் சவுனாவோடு நிறுத்திவிடாதீர்கள். கல்லியோ பகுதியில் கோத்திஹர்யு என்று ஒன்று, 1928-லிருந்து விறகு அடுப்பில் எரிகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. உடையில்லாமல்தான் உட்கார வேண்டும். எங்களுக்கு முதல் ஐந்து நிமிடம் கூச்சம் பிடுங்கித் தின்றது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று புரிந்ததும் அது போய்விட்டது. மேல் படியில் இருந்த அம்மா, சூடான கல்மேல் தண்ணீர் ஊற்றலாமா என்று எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் ஊற்றினார். எழும் ஆவிக்கு லோய்லு என்று பெயர். வெந்து போய் வெளியே வந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு தெருவோரமாக உட்கார்ந்தோம். இரவு பத்து மணி, வெயில் இன்னும் எதிர்வீட்டு மாடியில் இருந்தது.

ஜூனில் போனால் அந்த வெளிச்சம் கிடைக்கும். டிசம்பரில் மூன்று மணி தாண்டியதும் இருட்டிவிடும், ஆனால் நூலகமும் சவுனாவும் அப்போதுதான் இன்னும் இதமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தாலின் இரண்டு மணி நேரத் தூரம்தான். கப்பல் நாளைக்கும் உண்டு.