தமிழில் சட்டம் எழுதுகிற வக்கீலுக்காக நாம்தான் கேட்க வேண்டும்

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். வருகிற நவம்பர் 26 அரசியலமைப்பு நாள். பல வழக்கறிஞர் சங்கங்களில் அன்று விழா வைப்பார்கள். சால்வை போடுவார்கள், கேடயம் கொடுப்பார்கள். இந்த வருடம் அந்த மேடையில், சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் சட்டம் எழுதிவருகிற ஒருவரையாவது ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை. அப்படி ஒருவர் எழுத்தால் நீங்கள் பலன் அடைந்திருந்தால், அவரைப் பரிந்துரைத்து உங்கள் மாவட்ட வழக்கறிஞர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

"அவரே விண்ணப்பிக்கட்டுமே, நாம் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். வக்கீல்களுக்கு நடத்தை விதிகள் வகுக்கிற இந்திய பார் கவுன்சிலின் 36-ஆவது விதி, வக்கீல் நேராகவோ சுற்றி வளைத்தோ விளம்பரம் தேடுவதையும் வழக்குப் பிடிப்பதையும் தடுக்கிறது. பெயர்ப்பலகைகூட அளவோடுதான் இருக்க வேண்டும். அந்த விதியை மதிக்கிற வக்கீல் பக்கம் பக்கமாக எழுதுவார், அடியில் போன் நம்பர் போட மாட்டார். "எனக்கு விருது கொடுங்கள்" என்று நாலு பேரிடம் சொல்லவும் அவருக்குக் கூசும். ஆகவே படித்தவர்கள்தான் பேச வேண்டும்.

நான் வக்கீல் இல்லை. பாளையங்கோட்டையில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, பிரமாணப் பத்திரம், வாய்தா மனு என்று நாள் முழுக்க என் கையில் ஓடும். கையில் ஒரு பிரிண்ட் அவுட்டோடு வருகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா நினைவில் நிற்கிறார். பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டபோது அண்ணன்மார் சொன்ன பதில், "89-க்கு முன்னாடியே உனக்குக் கல்யாணம் முடிஞ்சு போச்சு, உனக்குப் பங்கு கிடையாது." ஊரில் பாதிப் பேர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த 1989 திருத்தத்தில் அந்தக் கட்டுப்பாடு இருந்தது உண்மை. மத்திய அரசின் 2005 திருத்தத்தில் அது இல்லை. 2005 திருத்தம் அமலுக்கு வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

அந்த அம்மா கையில் இருந்த கட்டுரை இதை இரண்டே பக்கத்தில் சொல்லியிருந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அதன் கடைசிப் பத்தி. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) மூலமாகவோ பாகம் பிரித்திருந்தால் இனி அதைக் கிளற முடியாது, ஆகவே முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அப்புறம் வக்கீலிடம் போங்கள் என்று எழுதியிருந்தது. தன் கட்சிக்காரராக வரக்கூடியவரிடமே "உங்களுக்குக் கேஸ் இல்லாமலும் போகலாம்" என்று சொல்கிற நேர்மை அது. அந்த அம்மா பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்ததும் அந்த வரியில்தான்.

2024 ஜூலை 1-இல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபோது இந்த எழுத்தின் அருமை இன்னும் நன்றாகத் தெரிந்தது. கொலைக்கான பிரிவு 302 போய் 103 ஆனது, ஜீவனாம்சம் 125-லிருந்து 144-க்குப் போனது. எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடுகிற பழைய 482, இப்போது முன்ஜாமீனுக்கு உரிய எண். டைப் அடிக்கிற எங்களுக்கே தலை சுற்றியது. பழைய எண்ணுக்கு எதிரே புது எண்ணைப் போட்டு, எது மாறியது, எது எண் மட்டும் மாறியது என்று தமிழில் எழுதியவர்களில் மாவட்டக் கோர்ட் வக்கீல்கள் நிறைய இருந்தார்கள். யாரும் அவர்களுக்குக் காசு தரவில்லை.

இவர்களுக்குத் தொழிலில் என்ன மதிப்பு இருக்கிறது? தகுதியுள்ள வக்கீல்களுக்கு உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தருகிற மூத்த வழக்கறிஞர் அந்தஸ்துக்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் மதிப்பெண் முறை கொண்டுவந்தபோது, வெளியீடுகளுக்கு 100-க்கு 15 கிடைத்தது. 2023-இல் அது 5 ஆகச் சுருங்கியது, அதற்குள்ளேயே வகுப்பெடுப்பதும் சிறப்புரையும் அடக்கம். 2025 மே மாதம் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மதிப்பெண் முறையே போய்விட்டது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. விசாரணை நீதிமன்ற வக்கீல்களையும் கருத வேண்டும், தகுதியானவர் என்றால் விண்ணப்பம் இல்லாமலேயே அந்தஸ்து தரலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. மக்களுக்காக எழுதுவதும் ஒரு தகுதிதான் என்று பேச இதைவிட நல்ல நேரம் வராது. சங்க மேடையிலிருந்து அதை ஆரம்பிக்கலாம்.

கடிதம் பெரிதாக வேண்டாம். சங்கத் தலைவர், செயலாளர் இருவருக்கும் முகவரியிடுங்கள். எந்த எழுத்தைப் படித்தீர்கள், அதனால் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ என்ன நடந்தது என்பதை நாலு வரியில் எழுதி, கட்டுரையின் நகலை இணையுங்கள். "சிறந்த சேவை" என்று மொத்தமாகப் புகழ்ந்தால் செயற்குழுவில் எடுபடாது. உங்கள் வழக்கு எண், எதிர்த்தரப்பின் பெயர் எதையும் குறிப்பிட வேண்டாம். அந்த வக்கீலிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் வாரத்துக்குள் கடிதம் போய்ச் சேர்ந்தால் கூட்டத்தில் வைத்துப் பேச அவர்களுக்கு அவகாசம் இருக்கும்.