தாமிரபரணி மழைக்கால ஆறு அல்ல

“நெல்லையில் ஆற்றங்கரை வாழ்க்கை எல்லாம் மழைக்காலத்தோடு சரி, மற்ற மாதங்களில் வெறும் மணல்தான்” என்றும், வயலைப் பார்க்க வெகுதூரம் போகவேண்டும் என்றும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வெறும் மணல் என்பது வைகைக்கு வேண்டுமானால் பொருந்தும், நெல்லையில் ஓடும் தாமிரபரணிக்குப் பொருந்தாது. பொதிகை மலையில் பிறக்கும் இந்த ஆற்றுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் தண்ணீர் தருகிறது. கோடையில் ஓட்டம் மெலியும், அது உண்மை. ஆனால் மழைக்காலம் முடிந்ததும் வெறும் மணலாகிவிடும் ஆறு அல்ல இது.

அப்புறம், வயலைப் பார்க்க வெகுதூரம் போகவும் வேண்டாம். நெல்லை ஜங்ஷனிலிருந்து சைக்கிளை மிதித்தால் குறுக்குத்துறை வந்துவிடும். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில், படித்துறையில் துணி துவைக்கும் சத்தம், கொஞ்சம் தள்ளி நெல் வயலில் கொக்குகள். அங்கே ஒரு முங்கு போட்டுவிட்டு, தலை ஈரம் காய்வதற்குள் வேலைக்கு வந்துவிடலாம். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே இதனால்தான்.

ஊருக்குள் சாக்கடை ஆற்றில் கலப்பதுதான் உண்மையான குறை. அதைச் சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.