இருப்பில் இல்லை என்று சொல்லவா ஒரு கடை?

சென்ற வாரம் ஒரு புத்தகக் கடையில் ஒரு நூலின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கணினியில் நான்கைந்து எழுத்துகளைத் தட்டிவிட்டு, "ஸ்டாக் இல்லைங்க, ஆன்லைன்ல பார்த்துக்கோங்க" என்றார். வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை. அதே ஆசிரியரின் வேறு நூல் ஏதேனும் இருக்கிறதா என்று எழுந்து பார்க்கவுமில்லை. தேடி வந்த வாடிக்கையாளரைத் தன் வாயாலேயே போட்டியாளரிடம் அனுப்பிவைக்கும் கடையை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இணையம் வந்தது, புத்தகக் கடைகள் அழிந்தன என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1995 ஜூலையில் புத்தகம் விற்கத் தொடங்கிய அமேசான், எந்தக் கட்டடத்திலும் அடுக்கிவைக்க முடியாத அளவு தலைப்புகளை வாசகரின் மேசைக்கே கொண்டுவந்தது. 2007 நவம்பரில் வந்த அதன் மின்னூல் கருவியான கிண்டில், அச்சிட்ட தாளே தேவையில்லை என்று ஆக்கியது. புத்தக வணிகத்துக்கே உரிய ஒரு நெருக்கடியும் உண்டு. பெரும்பாலான நூல்களுக்கு விலையைப் பதிப்பாளரே முடிவு செய்து அட்டையில் அச்சிட்டுவிடுவதால், வாடகையும் மின்கட்டணமும் கூடிவிட்டன என்பதற்காகக் கடைக்காரர் விலையைக் கூட்ட முடியாது. பதிப்பாளர் அட்டை விலையில் குறைத்துத் தரும் கழிவுக்குள்தான் அவர் சம்பளம் கொடுத்து, விளக்கெரித்து, தானும் பிழைக்க வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குகிறவருக்கு அந்தக் கழிவு இன்னும் அதிகமாகக் கிடைக்கிறது. அவர் அதை அப்படியே வாசகருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்து, நட்டத்தை வேறு சரக்கில் ஈடுகட்டிக்கொள்கிறார். இதை அநியாயம் என்று உணர்ந்த பிரான்ஸ், புத்தகத் தள்ளுபடி 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1981-லேயே சட்டம் போட்டது. பிரிட்டனிலோ, பதிப்பாளர் குறித்த விலைக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று 1900 முதல் நடைமுறையில் இருந்த நிலைவிலை உடன்பாடு 1995-இல் சரிந்தது. நன்றாக விற்கும் நூல்களைப் பல்பொருள் அங்காடிகள் அடிமாட்டு விலைக்கு விற்கத் தொடங்கின.

இத்தனையும் கடைக்காரரின் கையை மீறியவை. அவற்றுக்காக அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்ததை அவரே கைகழுவினாரே, என் கோபமெல்லாம் அதன் மேல்தான். ஒரே பெயரில் பல ஊர்களில் கிளை நடத்திய அமெரிக்காவின் பெரிய சங்கிலிப் புத்தகக் கடைகளில் ஒன்றான பார்டர்ஸ், 2001-இல் தன் இணைய விற்பனையை அமேசானிடமே ஒப்படைத்தது. அந்தக் கல்லாக்காரர் என்னிடம் சொன்னதை, ஒரு மாபெரும் நிறுவனம் ஒப்பந்தம் போட்டுத் தன் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறது! 2008-இல் விழித்துக்கொண்டு சொந்தத் தளம் தொடங்கியபோது காலம் கடந்திருந்தது. 2011 பிப்ரவரியில் திவால் மனு. ஜூலையில் எஞ்சியிருந்த 399 கடைகளையும் மூட முடிவு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை போயிற்று.

கடையின் முன்மேசைக்கு வருகிறேன். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் அந்த மேசையில் எந்த நூல் இருக்க வேண்டும் என்பதைப் பல சங்கிலிக் கடைகளில் பதிப்பாளர் கொடுக்கும் பணம்தான் முடிவு செய்து வந்தது. படித்துப் பார்த்த ஒருவர் "இதை எடுத்துப் பாருங்கள்" என்று வைத்த நூல் என நம்பி நாம் கையிலெடுக்கிறோம். அது வாடகைக்கு விட்ட இடம். வாசகரின் நம்பிக்கையை இதைவிட மலிவாக விற்க முடியுமா? புத்தகக் கடைக்காரரான ஜேம்ஸ் டான்ட் 2011-இல் பிரிட்டனின் சங்கிலிப் புத்தகக் கடையான வாட்டர்ஸ்டோன்ஸின் பொறுப்பை ஏற்றபோது இந்தப் பணத்தை வேண்டாம் என்று நிறுத்தினார். எந்த நூலை வாங்குவது, எதை முன்னால் வைப்பது என்பதை அந்தந்தக் கடையின் பணியாளர்களிடமே விட்டார். விற்காமல் திரும்பிப் போகும் நூல்கள் கணிசமாகக் குறைந்தன, நிறுவனமும் நிமிர்ந்தது. 2019-இல் பொறுப்பேற்ற அமெரிக்கச் சங்கிலிப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிளிலும் அவர் அதையே செய்தார். மூடிக்கொண்டே இருந்த அந்த நிறுவனம் இன்று புதிய கடைகளைத் திறந்து வருகிறது. மாறாக, வாசகர் மதிப்பீடுகளையும் விற்பனைக் கணக்கையும் வைத்து நூல்களைத் தேர்ந்தெடுத்து அமேசான் 2015-இல் தொடங்கிய சொந்தப் புத்தகக் கடைகளை, 2022-இல் அதுவே மூடுவதாக அறிவித்தது. புத்தகம் தெரிந்த ஒரு மனிதரின் இடத்தை அந்தக் கணக்கால் நிரப்ப முடியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

வேறு சரக்கு விற்கும் சிறு கடைகளும் இதே குழியை நோக்கித்தான் நடக்கின்றன. ஒழுகும் குழாயின் தேய்ந்த வாஷரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினால், விரலால் புரட்டிப் பார்த்து, "வாஷர் மட்டும் மாற்றினால் போதாது, உள்ளே மரையும் போயிருக்கும்" என்று சொல்லும் ஹார்டுவேர் கடைக்காரரை எந்தச் செயலியாலும் வெல்ல முடியாது. அவரும் ஒருநாள் சலித்துப்போய், பெட்டியில் அடைத்து வருவதை மட்டும் அடுக்கிவிட்டு, கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கத் தொடங்கினால், பிறகு விலையைத் தவிர ஒப்பிட எதுவும் இருக்காது. விலையில் சிறு கடை ஜெயிக்கவே முடியாது.

வாசகர்களையும் விடுவதாக இல்லை. அன்று அதே கடையில் ஒருவர் அரைமணி நேரம் நின்று படித்தார். அங்கிருந்த பெண் பணியாளரிடம் யோசனை கேட்டு, அவர் ஏணி போட்டு எடுத்துக் கொடுத்த மூன்று நூல்களின் அட்டையையும் கைப்பேசியில் படமெடுத்து, அங்கேயே நின்றபடி இணையத்தில் விலை பார்த்து, நூல்களை மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார். ஏணி ஏறிய உழைப்புக்கு யார் கூலி கொடுப்பது? அந்தக் கடைக்குப் பூட்டு விழும் நாளில் கண்ணீர் அஞ்சலி எழுத இவரைப் போன்றவர்கள்தான் முதலில் வருவார்கள். படமெடுத்தவர் போன பிறகு அந்தப் பெண் மூன்று நூல்களையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏணியில் ஏறினார்.

நான் தேடிய நூல் இணையத்தில் இருக்கிறது. பார்த்துவிட்டேன், ஆனால் வாங்கவில்லை. நாளை அதே கடைக்குப் போய், அந்தப் பெண்ணிடம் முன்பணம் கட்டி, வரவழைத்துத் தரும்படி கேட்கப்போகிறேன். அதெல்லாம் முடியாது என்று கல்லாவிலிருந்து குரல் வந்தால், ஏன் முடியாது என்று உரிமையாளரிடமே கேட்பேன்.