ரெண்டு பேர், ஒரு ரெக்கார்டு

பழைய ஆல்பம் கேட்கலாம் என்று ரெண்டு பேர் உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் தகராறு வந்துவிடும். "வயலின் காதைக் குத்துதுவே" என்பார் ஒருத்தர். "உம்ம காதுலதான் வே கோளாறு" என்பார் மற்றவர். ஒரே இசையைத்தான் கேட்டோம் என்பதில் ரெண்டு பேருக்கும் சந்தேகமே இருக்காது. பாதி நேரம் அப்படி இல்லை என்பதுதான் என் கட்சி. கருத்து சொல்வதற்கு முன்னால் கருவியையும் அறையையும் சரி பண்ணுங்கள். அதற்குப் பிறகும் சண்டை வந்தால் அது நல்ல சண்டை.

முதல் குற்றவாளி, ஆளுக்கு ஒரு இயர்பட்ஸ் மாட்டிக்கொள்வது. ஸ்டீரியோவில் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு வேறொன்று ஓடுகிறது. வயலின் கூட்டம் ஒருவருக்கு, செல்லோ மற்றவருக்கு என்று பாகப்பிரிவினை ஆகிவிடும். வேறு வழியே இல்லையென்றால் ஃபோன் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் போய் மோனோ ஆடியோவை ஆன் பண்ணுங்கள். அகலம் போகும், ஆனால் ரெண்டு பேர் காதிலும் முழுப்பாட்டு விழும்.

ஸ்பீக்கர் இருந்தால் உட்காரும் இடம் முக்கியம். ரெண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 6 அடி என்றால், கேட்பவருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 6 அடி. அந்த நடு இடம் ஒருவருக்குத்தான் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் ரெண்டு பேருக்குமே கிடைக்காது. அதனால் பஸ் சீட் மாதிரி ஒருத்தர் பின்னால் ஒருத்தர் உட்காருங்கள். ரெக்கார்டைத் திருப்பிப் போடும்போது இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் பேஸ், அதாவது அடி ஒலி, கடமுடா என்று வீங்கும். சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். டைல்ஸ் போட்ட அறையில் நாகஸ்வரமும் வயலினும் காதைக் குத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் தரைதான். கனமான ஜமக்காளத்தை ரெண்டாக மடித்து விரித்தால் உடனே வித்தியாசம் தெரியும். பத்தமடைப் பாய் நம் ஊர்ப் பெருமை, மறுக்கவில்லை. ஆனால் இந்த வேலைக்கு ஆகாது, அவ்வளவு மெல்லிசு.

அடுத்தது ஃபேன். மே மாசத்தில் பாளையங்கோட்டையில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் நட்பு முறியும். அதனால் காலை 5 மணிதான் சரி. 2005இல் வந்த இளையராஜாவின் 'திருவாசகம்' இதற்கு நல்ல சோதனை. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. மெதுவான இடங்கள் ஃபேன் சத்தத்துக்கு அடியில் போய்விடும். கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டுவோம், கோரஸ் எழும்போது மண்டையில் அடிக்கும். பிறகு "ரெக்கார்டிங் சரியில்லை" என்று அதன் தலையில் பழியைப் போடுவோம்.

ரெக்கார்டையும் ஆப்பில் கிடைக்கும் பதிப்பையும் ஒப்பிடுகிறவர்கள் முதலில் ரெண்டின் சத்தத்தையும் சமமாக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடுவதைத்தான் காது 'நல்லது' என்று தீர்ப்புச் சொல்லும். ஃபோனில் ஒலி அளக்கும் ஆப் போட்டு, ஒரே வரியை ரெண்டிலும் ஓட்டி, 1 டெசிபல் வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ராகம் பேசுகிறவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பழைய ரெக்கார்டு பிளேயரை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுவார்கள். வோல்ட்டேஜ் சரியாகிவிடும். ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மோட்டார் அந்த ஹெர்ட்ஸைப் பிடித்து ஓடும் வகையாக இருந்தால் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். 5 கட்டை சுருதியில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். நடையும் தொய்ந்துபோகும். "அந்தக் காலத்துப் பாட்டில் என்ன ஒரு நிதானம்" என்று உருகுவதற்கு முன்னால் ஒரு ஸ்ட்ரோப் அட்டையை, அதாவது வளையம் வளையமாகக் கோடு போட்ட வட்ட அட்டையை, தட்டின் மேல் வைத்துச் சுழலவிட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில், நிமிஷத்துக்கு 33⅓ சுழற்சிக்கான வளையத்தில் 180 கோடுகள் இருக்கும். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்கும். இதைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பல எல்இடி விளக்குகளில் கோடு தெரியாது.

கேசட்டில் வேறு கோளாறு. பெல்ட் தளர்ந்தால் வேகம் குறையும், அலையவும் செய்யும். 6 சதவீதம் பிசகினால் கிட்டத்தட்ட ஒரு ஸ்வரஸ்தானமே மாறிப்போகும். ஒலி மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் வரிசையாகப் பாருங்கள்: கேசட்டின் நடுவில் இருக்கும் சின்னப் பஞ்சு அட்டை விழுந்திருக்கிறதா, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புப் படிவு இருக்கிறதா, கடைசியாக ஹெட்டின் சாய்வு. படிவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும். சாய்வுக்கு ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு ஸ்க்ரூ இருக்கும். பாட்டு ஓடும்போதே கால் திருப்பு திருப்பி, ஜால்ரா சத்தம் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்த கேசட்டுகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மெஷினில் பதிந்தது என்பதால், ஒன்றுக்குச் சரியாக வைத்தது அடுத்ததற்குச் சரியாக இருக்காது.

இனி எந்த ஆல்பம்? சினிமாப் பாட்டுத் தட்டுகளை ஆல்பமாக எடைபோடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பாட்டுகள் படத்தின் சூழலுக்குப் போட்டவை. தட்டில் அடுத்தடுத்து வருவதால் மட்டும் அவற்றுக்குள் ஒரு தொடர்ச்சி வந்துவிடாது. வரிசையோடு கேட்க வேண்டியதென்றால் 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம், வயலின் வி.எஸ். நரசிம்மன். இதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' முடிந்ததும் 'அண்ட் வி ஹேட் எ டாக்' வரும். 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன், பேசிக்கொண்டோம்' என்ற ஒரே வாக்கியத்தை ரெண்டு தலைப்பாக உடைத்திருக்கிறார் இளையராஜா. ஷஃபிளில் போட்டுக் கேட்பவருக்குப் பாக் வந்ததும் தெரியாது, பேசியதும் தெரியாது.

முதல் துண்டின் அடித்தளம் பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டா என்ற தொகுப்பில் முதலில் வரும் பிரிலூடியோ. தனி வயலினுக்கு எழுதியது. அதனால் அந்த மூலத்தை முதலில் ஒருமுறை கேட்டுவிட்டு வந்தால், சுற்றி எது புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று கையை வைத்துக் காட்டலாம். கேட்கும்போது வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் வயலினை மட்டும் பிடித்துக்கொண்டு போகட்டும், மற்றவர் அடியில் போகும் பேஸை மட்டும். அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள். வயலினை மட்டும் கேட்பவருக்கு அது பாக் உருப்படிதான். பேஸைக் கேட்பவருக்கு அங்கே வேறொருவர் பேசுவது கேட்கும். "இது கர்நாடகமும் இல்லை, வெஸ்டர்னும் இல்லை" என்ற பழைய புகாரை நான் ஏற்கவில்லை. ஆனால் புகார் சொல்பவர் எந்த நிமிஷம், எந்த விநாடி என்று சொன்னால் உட்கார்ந்து கேட்கத் தயார்.

நாகஸ்வரத்துக்கு நாம் வேறெங்கும் போக வேண்டாம், காருகுறிச்சி இருக்கிறது. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியோடு காருகுறிச்சி அருணாசலம் வாசித்த 'சிங்கார வேலனே தேவா'வை எல்லாரும் ஆயிரம் தடவை கேட்டிருப்போம். அடுத்த தடவை ஆபேரி ராகத்தை விட்டுவிட்டு மூச்சை மட்டும் கவனியுங்கள்: குரல் எங்கே மூச்செடுக்கிறது, நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளி எங்கே. பிறகு அவருடைய குரு டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்குப் போங்கள். கோயிலில் மணிக்கணக்கில் விரியும் ராகத்தை 78 சுழற்சித் தட்டில், பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம் என்ற கணக்குக்குள் அடக்க வேண்டும். "சீக்கிரம் முடித்துவிட்டார்" என்பது அங்கே விமர்சனமே ஆகாது. ராகத்தின் எந்தப் பிடியை முதலில் எடுத்தார், எதை விட்டார் என்று பேசுங்கள்.

78 தட்டுக்கு எல்பி, அதாவது 33⅓ சுழற்சித் தட்டின், முள்ளைப் போடாதீர்கள். முள் ஓடும் அந்தக் காடி அகலம். அதற்குச் சுமார் 75 மைக்ரான் முள் வேண்டும். எல்பி முள் 18 மைக்ரான்தான், காடியின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் வாசிக்கும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அமுக்குங்கள், இரைச்சல் கணிசமாகக் குறையும். எல்பியைத் துடைக்கிற ஆல்கஹாலை இதில் தொட்டுவிடாதீர்கள், 78 தட்டின் அரக்கு கரைந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் போதும். நடுவில் இருக்கும் லேபிள் நனையக் கூடாது.

கேட்டு முடித்ததும் வாயைத் திறக்காமல் ஆளுக்கொரு நோட்டில் எழுதிவிடுங்கள். முதலில் பேசுகிறவர் சொன்னது அடுத்தவர் காதில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அவருக்கென்று கருத்தே இருக்காது. பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவது வீண் வேலை. நிமிஷம், விநாடி, என்ன நடந்தது, ஏன் பிடித்தது அல்லது பிடிக்கவில்லை. நாலு வரி போதும்.

பழைய தட்டு வாங்கும்போது ரெண்டு பேரும் சேர்ந்தே போங்கள், ஒருத்தர் ஆசைப்படும்போது இன்னொருத்தர் பார்ப்பார். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மயிரிழைக் கீறல் பரவாயில்லை. நகத்தில் தட்டும் கீறலில் முள் துள்ளும். காடி பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் கனமான முள்ளில் தேய்ந்தது, கழுவினாலும் திரும்பாது. நடு ஓட்டை மையம் தப்பியிருந்தால் நீண்ட கார்வைகள், அதாவது நீட்டி நிறுத்தும் ஸ்வரங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஊசலாடும். நாகஸ்வரத் தட்டில் அது முதல் கார்வையிலேயே தெரிந்துவிடும், சினிமாப் பாட்டில் பல்லவி முடியும் வரை தெரியாது. அதனால் கடையில் பிளேயர் இருந்தால், பாட்டின் தொடக்கத்தை விட்டுவிட்டு, கார்வை நிற்கும் இடத்தில் முள்ளை வைக்கச் சொல்லுங்கள்.