873 உயிர்களைக் காத்தது ஒரே படகு அல்ல

இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையிலுள்ள குரோமர் அருங்காட்சியகத்தில் நிற்கும் 'எச். எஃப். பெய்லி' என்னும் உயிர்காப்புப் படகே 873 பேரைக் கடலிலிருந்து மீட்டது என்று ஒரு செய்தி பரவிவருகிறது. இது தவறு.

873 என்பது அப்படகின் தலைவர் ஹென்றி பிளாக், 1894 முதல் 1947 வரை 53 ஆண்டுகள் ஆற்றிய பணியின் மொத்தக் கணக்கு. 1935 முதல் 1945 வரை குரோமரில் பணியாற்றிய இப்படகு 128 முறை கடலில் இறங்கி 518 உயிர்களைக் காத்தது. அதே பெயரில் அங்கே முன்னரும் படகுகள் இருந்ததால் குழப்பம் எளிதில் நேர்கிறது.

பிளாக்குக்கு முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத்தந்த 1917ஆம் ஆண்டு ஜனவரி மீட்பு, எந்திரமே இல்லாமல் துடுப்பாலும் பாயாலும் இயங்கிய 'லூயிசா ஹார்ட்வெல்' படகில் நடந்தது. வயது முதிர்ந்த மீனவர்கள் கொந்தளிக்கும் அலைகளை எதிர்த்துத் துடுப்பு வலித்த அந்த உழைப்பை, பின்னாளைய மோட்டார் படகொன்றின் கணக்கில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். காட்சிக்குள்ள படகின் பெருமைக்கு 1941 ஆகஸ்ட் மாதமே போதும்: ஹேஸ்பரோ மணல்திட்டில் தரைதட்டிய சரக்குக் கப்பல்களிலிருந்து மாலுமிகளை மீட்டதற்காக, பிளாக்குக்கு மூன்றாவது தங்கப் பதக்கம் கிடைத்தது.

குரோமர் பணி முடிந்தபின் இப்படகு அயர்லாந்தின் ஹெல்விக் ஹெட் நிலையத்திலும் பணியாற்றியது.