ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும்

நியூரோபெப்டைடு (நரம்பு செல்கள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் சிறு புரதத் துண்டு) பற்றி, "எல்லாமே எதிர்ப்பு சக்தியைக் கூட்டும், எவ்வளவு சுரந்தாலும் நல்லது" என்றும், 'நரம்பு மட்டுமே சுரக்கும்' என்றும் உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிகூட சரியில்லை. 1931-இல் கண்டறிந்த சப்ஸ்டன்ஸ் பி என்ற நியூரோபெப்டைடு தூண்டும் ரகம்தான்: மேக்ரோஃபேஜ் என்ற, கிருமிகளை விழுங்கும் எதிர்ப்பு செல்லின் என்.கே.1 ஏற்பியில் (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) ஒட்டி, டி.என்.எஃப், ஐ.எல்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களை (எதிர்ப்பு செல்கள் அனுப்பும் செய்திப் புரதங்களை) சுரக்க வைக்கும். மூட்டு ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் முடக்குவாத நோயாளிக்கு அது எப்படி நல்லதாகும்?

வி.ஐ.பி (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், வாசோஆக்டிவ் இன்டெஸ்டைனல் பெப்டைடு என்பதன் சுருக்கம், பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுத்த நியூரோபெப்டைடு) இதற்கு நேர் எதிர். செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி என்ற செய்தி மூலக்கூறை உயர்த்தி, டி.என்.எஃப், ஐ.எல்-12 ஆகிய இரண்டு அழற்சி சைட்டோகைன்களையும் அடக்கும். அழற்சியைத் தணிக்கும் ஐ.எல்-10 என்ற சைட்டோகைனைக் கூட்டும். அப்புறம், 'நரம்பு மட்டுமே சுரக்கும்' என்பதும் தவறு. வி.ஐ.பி-யை டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களே சுரக்கின்றன.